71, 82, 88, 105: எந்த தெர்மோஸ்டாட் எரிபொருளை மிச்சம் பிடிக்கும்?

மைலேஜ் குறைந்தால் டயரில் காற்று பார்ப்போம், ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்ப்போம், பிளக்கைக் கழற்றுவோம். இன்ஜின் சூடாகும்வரை கூலன்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை) ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. எனக்கும் வரவில்லை. என் பழைய பெட்ரோல் கார் ஒருமுறை சூடேறி நின்றபோது, பழுது பார்த்தவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் மூடியை மட்டும் மாட்டிக் கொடுத்தார். "இனிமே சூடே ஆகாது" என்றார். அவர் சொன்னது உண்மைதான். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகும் ஓபிடி ஸ்கேனரில் (காரின் கம்ப்யூட்டர் தரும் எண்களைக் காட்டும் கருவியில்) கூலன்ட் வெப்பநிலை 66, 67 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை. ஆனால் முன்பைவிடச் சீக்கிரமாக டேங்க் காலியாகத் தொடங்கியது. அதன் காரணத்தைத் தேடப்போய்த்தான் உள்ளங்கையில் அடங்கும் இந்த வால்வின்மீது எனக்குப் பிடிப்பு வந்தது.

கடையில் கேட்டால் ஒரே இன்ஜினுக்கு 71, 82, 88 என்று இரண்டு மூன்று எண்களில் கிடைக்கும். புதிய கார்கள் சிலவற்றில் 105 என்றுகூட இருக்கும். எது எரிபொருளுக்கு நல்லது என்று ஒப்பிடும்முன், அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பொறித்திருக்கும் எண்

82 என்றால், அந்த வெப்பநிலையில் வால்வு திறக்கத் தொடங்கும் என்று பொருள். பித்தளைக் குப்பிக்குள் அடைத்திருக்கும் மெழுகு உருகி விரிந்து, நடுவிலுள்ள தண்டைத் தள்ளுகிறது. வால்வு முழுதாகத் திறக்க இன்னும் 10 முதல் 15 டிகிரி ஏற வேண்டும். அதுவரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாக இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும்.

அதாவது தெர்மோஸ்டாட் தீர்மானிப்பது இன்ஜினின் கீழ் எல்லையை மட்டும்தான். மேல் எல்லை ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் ஆகியவற்றின் கையில் இருக்கிறது. முழுச் சுமையோடு மலை ஏறும்போது 71 ஆனாலும் 88 ஆனாலும் வால்வு முழுதாகத் திறந்துதான் இருக்கும். அதற்குமேல் வெப்பம் ஏறினால் குறை வேறிடத்தில். "வண்டி சூடாகுது, 71 போடுங்க" என்ற யோசனை அடைத்துக்கொண்ட ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாது.

இன்னொன்று, எண்களை நேருக்கு நேர் ஒப்பிடும்போது பலர் ஏமாறுவது இங்கேதான். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் கூலன்ட் வெளியேறும் பக்கம் இருக்கும். வேறு சிலவற்றில், குறிப்பாக ஜப்பானிய இன்ஜின்கள் பலவற்றில், ரேடியேட்டரிலிருந்து திரும்பி உள்ளே நுழையும் பக்கம் இருக்கும். நுழைவாயிலில் இருப்பது, ரேடியேட்டரிலிருந்து வரும் குளிர்ந்த நீரும் பைபாஸில் வரும் சூடான நீரும் கலந்த வெப்பநிலையை உணர்கிறது. அதனால் 78 அல்லது 82 என்று பொறித்திருந்தாலும், இன்ஜினின் தலைப்பகுதியிலிருந்து (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதியிலிருந்து) வெளியேறும் கூலன்ட் 90ஐ ஒட்டியே இருக்கும். இந்த 82ஐயும் வெளிவாயிலில் மாட்டும் 88ஐயும் வைத்து "இது குளிர்ச்சி, அது சூடு" என்று முடிவுகட்ட முடியாது.

வெப்பம் எரிபொருளை மிச்சம் பிடிப்பது எப்படி?

எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதி புகையிலும் கூலன்டிலும் போய்விடுகிறது. "இன்ஜின் சூடாக இருந்தால் கூலன்டுக்குப் போகும் வெப்பம் குறையும், அதுதான் மிச்சம்" என்று சொல்வதுண்டு. கொஞ்சம் உண்மைதான். ஆனால் சிலிண்டருக்குள் எரியும் வாயு 2000 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. சுவரின் வெப்பநிலை 10 டிகிரி கூடுவதால் அந்தப் பெரிய இடைவெளி பெரிதாகக் குறைந்துவிடாது.

பெரிய காரணம் ஆயில். ஒரு சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 80 டிகிரியில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கெட்டியாக இருக்கும். 40 டிகிரியில் ஐந்தாறு மடங்கு. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரில் உரசிப்போகும் ஒவ்வொரு முறையும், பேரிங்குகள் சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் இந்தக் கெட்டித்தன்மையை எதிர்த்துத்தான் இன்ஜின் உழைக்கிறது. முழு வேகத்தில் போகும்போது இந்த இழப்பு மொத்தச் சக்தியில் சிறு பங்கு. நகரத்துக்குள் மெல்ல ஊர்ந்து போகும்போது, இன்ஜின் தரும் சக்தியே குறைவு என்பதால் உராய்வின் பங்கு பெரிதாகிவிடும்.

அப்புறம் கம்ப்யூட்டர். இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் சொன்னால் இசியூ (இன்ஜினை இயக்கும் அந்தக் கம்ப்யூட்டர்) கூடுதல் பெட்ரோல் தெளிக்கும், ஐடில் வேகத்தை ஏற்றும். பல ஆட்டோமேட்டிக் கார்களில், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்டர் நழுவாமல் லாக் ஆகாது. சிக்னலில் இன்ஜினை நிறுத்தும் வசதி வேலை செய்யாது. ஹைப்ரிட் காரில் பேட்டரி நிறைந்திருந்தாலும், இன்ஜினைச் சூடாக்குவதற்காகவே அது ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் சின்னச் செலவுதான், ஆனால் எல்லாம் ஒன்றாக விழும்.

71 டிகிரி

மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆல்கஹாலை ரேடியேட்டரில் உறைதடுப்பாகக் கலந்த காலத்தில் இன்ஜினைக் குளிர்ச்சியாக ஓட்டுவதைத் தவிர வழியில்லை. எளிதில் கொதிக்காத கிளைக்கால் என்ற திரவம் வந்து, ரேடியேட்டருக்குள் அழுத்தத்தைத் தக்கவைக்கும் அழுத்த மூடியும் வந்தபிறகு அந்தத் தேவை போய்விட்டது. பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்த கூலன்ட், சுமார் 1 பார் அழுத்தத்தில் 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும்.

இன்று 71ஐத் தேடுபவர்கள் பெரும்பாலும் பந்தயத்துக்கோ, பவர் கூட்டுவதற்கோ தேடுகிறார்கள். அங்கே அதற்கு நியாயம் உண்டு. தலைப்பகுதி குளிர்ந்திருந்தால் நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) தள்ளிப்போகும், டைமிங்கை (பிளக் தீப்பொறி விடும் நேரத்தை) இன்னும் முன்னால் வைக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 71 போட்டால் இசியூ வார்ம்-அப் நிலையிலேயே சிக்கிக்கொள்ளும் என்று சொல்வது கொஞ்சம் மிகை. ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கலவையைச் சரிசெய்யும் வேலையைப் பெரும்பாலான கார்கள் அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடும். இழப்பு வருவது உராய்விலிருந்துதான். பல கார்களில் பி0128 என்ற குறியீட்டோடு செக் இன்ஜின் விளக்கும் எரியும். தெர்மோஸ்டாட் காக்க வேண்டிய அளவுக்குக் கூலன்ட் சூடாகவில்லை என்பதே அதன் பொருள்.

மைலேஜைவிட எனக்கு அதிகம் கவலை தருவது தேய்மானம். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் அது படிந்து அமிலங்களோடு சேர்ந்து அரிக்கும். எரியாத பெட்ரோலும் நீரும் ஆயிலில் இறங்கும். போதிய சூடு இருந்தால்தான் அவை ஆவியாகி வெளியேறும்.

82-ஆ, 88-ஆ?

பெரும்பாலோர் கேட்பது இதுதான். என் பதில்: உங்கள் கார் புதிதாக வந்தபோது எது இருந்ததோ அது. 82க்கு வடிவமைத்த இன்ஜினில் 88 போட்டால் ஆயில் சற்று இளகும், உராய்வு சற்றுக் குறையும். கோட்பாட்டில் லாபம்தான். ஆனால் அந்த லாபம், எதிர்க்காற்று வீசிய நாளுக்கும் வீசாத நாளுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள் மறைந்துவிடும். இரண்டு முறை டேங்க் நிரப்பி ஒப்பிட்டுவிட்டு "மைலேஜ் கூடிவிட்டது" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பம்பின் நாசில் எங்கே நின்றது என்பதே அந்த அளவு வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

அதோடு, 6 டிகிரி கூடினால் ஃபேன் ஓடத் தொடங்கும் வெப்பநிலைக்கு மிக அருகில் போய்விடுவோம். 92இல் ஃபேன் ஓடும்படி வைத்திருக்கும் காரில் 88 தெர்மோஸ்டாட் இருந்தால், வால்வு பாதி திறக்கும் முன்பே ஃபேன் ஓடத் தொடங்கும், அடிக்கடி ஓடும். அதற்கு வேண்டிய மின்சாரமும் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது.

மாறாக, 88க்கு வடிவமைத்ததில் 82 போட்டால் என்ன? பெரிய சேதம் எதுவுமில்லை. சற்றுக் கூடுதல் உராய்வு, குளிர்காலத்தில் ஹீட்டர் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். கடையில் சரியான எண் கிடைக்காமல் அவசரத்துக்குப் போடுவதானால் இந்தப் பக்கம் தவறுவது மேல்.

105-உம் அதற்கு மேலும்

சரி, சூடு நல்லது என்றால் எல்லாக் காருக்கும் 105 போட்டால் என்ன? தடை நாக்கிங்தான். சூடான சிலிண்டரில் பெட்ரோல் கலவை நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கப் பார்க்கும். நாக் சென்சார் அதைக் கேட்டதும் இசியூ டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். உராய்வில் மிச்சம் பிடித்தது டைமிங்கில் போய்விடும், சில நேரம் அதைவிட அதிகமாகவே போகும்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது: சுமைக்கு ஏற்ப வெப்பநிலையை மாற்றுவது. மெழுகுக் குப்பிக்குள் ஒரு சிறு ஹீட்டர் கம்பியைப் பதித்துவிடுகிறார்கள். லேசான சுமையில் கம்பிக்கு மின்சாரம் இல்லை, மெழுகு 100 டிகிரிக்கு மேல் போனால்தான் திறக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இசியூ கம்பியைச் சூடாக்கி, வால்வை முன்கூட்டியே திறந்து, இன்ஜினைக் குளிர்விக்கும். பிஎம்டபிள்யூவின் என்52 இன்ஜின் மின்சார வாட்டர் பம்பையும் இதோடு சேர்த்து, சிக்கன ஓட்டத்தில் 112, அதிகச் சுமையில் 80 என்று இலக்கையே மாற்றிக்கொள்கிறது.

ஃபோக்ஸ்வாகனின் 1.4 டிஎஸ்ஐ வேறு வழியில் போனது. தலைப்பகுதிக்கு 87 டிகிரியில் திறக்கும் ஒன்று, சிலிண்டர் பிளாக்குக்கு 105இல் திறக்கும் இன்னொன்று என இரண்டு தெர்மோஸ்டாட். நாக்கிங் பிறக்கும் தலை குளிர்ச்சியாக, ரிங்குகள் உரசும் பிளாக் சூடாக. உராய்வும் நாக்கிங்கும் வெவ்வேறு இடத்தில் நடக்கின்றன என்ற ஒரு புரிதலிலிருந்து வந்த தீர்வு இது.

இப்படிப்பட்ட கார் உங்களிடம் இருந்தால் மீட்டரில் 105ஐப் பார்த்துப் பயந்து "குளிர்ச்சியான" ஒன்றைத் தேடிப் போகாதீர்கள். சாதாரணக் காரில் இதைப் போடவும் முயலாதீர்கள். அழுத்த மூடி, ஹோஸ்கள், இசியூவின் கணக்கு எல்லாம் சேர்ந்துதான் அந்த 105ஐத் தாங்குகின்றன.

தெர்மோஸ்டாட்டே இல்லாமல்

எரிபொருளைப் பொறுத்தவரை ஒப்பீட்டில் மிக மோசமானது இதுதான். திறந்த நிலையில் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டும் இதே கணக்கு. 82க்கும் 88க்கும் இடையிலான 6 டிகிரிக்கு வாதாடுகிறோம், இங்கே 20, 30 டிகிரி போகிறது. இன்ஜின் சூடாக எடுக்கும் நேரம் பல மடங்காகும். பத்து நிமிடப் பயணமென்றால் முழுவதும் குளிர் இன்ஜினில்தான் ஓடும். டீசல் காரில் இன்னொரு தொல்லை உண்டு. கூலன்ட் போதிய சூட்டுக்கு வராவிட்டால் புகைவடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கும் வேலையை இசியூ தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும், கடைசியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

குளிர்ச்சிக்கென்று கழற்றுவதும் எப்போதும் பலிக்காது. பல தெர்மோஸ்டாட்களின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேல்வால்வு திறக்கும்போது அது பைபாஸை மூடும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்துகிடக்கும். கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே திரும்பி வரும். கடும் சுமையில் இன்ஜின் முன்பைவிட அதிகமாகவே சூடேறலாம்.

உங்களுடையது திறந்து சிக்கியிருக்கிறதா என்று பார்க்க, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். முதல் சில நிமிடங்கள் அது குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் வால்வு மூடவில்லை. தெர்மோஸ்டாட் நுழைவாயிலில் இருக்கும் இன்ஜினில் கீழ் ஹோஸைப் பாருங்கள். டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பல கார்களில் ஓரளவு சூடானதும் அது நடுவில் போய் நின்றுவிடும், நடுவில் பல டிகிரி கூடினாலும் குறைந்தாலும் அசையாது. ஓபிடி ஸ்கேனர் காட்டும் எண்தான் சரியானது.

புதிதாக வாங்கியதையும் மாட்டுமுன் ஒரு பாத்திரத்து நீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்கிப் பாருங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடாமல் இருக்கட்டும், மெல்லச் சூடாக்குங்கள். பொறித்த எண்ணுக்கு ஓரிரண்டு டிகிரி முன்பின்னாக வால்வு அசைந்தால் நல்லது. மாட்டும்போது அதிலுள்ள சிறு ஊசித் துளை மேல்பக்கம் இருக்கட்டும், அப்போதுதான் சிக்கிய காற்று அதன் வழியாக வெளியேறும். நான் என் காருக்கு 82 வாங்கி இப்படிச் சோதித்துத்தான் மாட்டினேன். மறுநாள் காலை ஸ்கேனரில் 66ஐத் தாண்டி 80, 85, 88 என்று எண் ஏறி நின்றது. அடுத்தடுத்த வாரங்களில் டேங்க் பழையபடி நெடுநாள் தாங்கத் தொடங்கியது.