கூகுள் எர்த் புரோ: செம்பனைக்குள் மறைந்த லயத்துத் தெருக்களைத் தேடுகிறவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து, பிறந்த லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) எங்கே இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட முடியாமல் தவிக்கும் எவருக்கும் இந்த மென்பொருளைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கணினியில் நிறுவும் புரோ பதிப்பைத்தான் சொல்கிறேன். 2015 முதல் அது இலவசம். நமக்கு வேண்டியவை அதில் இரண்டே வசதிகள். ஒன்று, பழைய ஆண்டுகளின் வான்படங்களைப் பின்னோக்கிப் பார்ப்பது. மற்றது, பழைய வரைபடத்தை இன்றைய நிலத்தின் மேல் விரித்துப் பொருத்துவது.

நான் பயன்படுத்தியது ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய பழைய நில அளவைத் தாள், அதாவது 1:63,360 அளவு. ஸ்கேன் செய்த படத்தை உள்ளே கொண்டுவந்ததும் ஓரங்களில் பச்சைக் கோடுகள் தோன்றும். அவற்றைப் பிடித்து இழுத்தும் திருப்பியும் தாளை நிலத்தோடு பொருத்த வேண்டும். ஒளிபுகும் அளவைக் கூட்டினால் தாள் மெல்ல மெல்ல மறைந்து, அடியில் இன்றைய நிலம் தெரியும். பொறுமை வேண்டிய வேலை. தண்டவாளத்தை மட்டும் நம்பிப் பொருத்தாதீர்கள். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரையிலான மின்சார இரட்டைப் பாதை 2014இல் முடிந்தபோது பழைய வளைவுகள் பல இடங்களில் நிமிர்ந்துவிட்டன. ஆறும் இடம் மாறும். கோலகங்சார் சாலையின் பாலங்களும் இடம் பெயராத மாரியம்மன் கோயிலும்தான் சரியான பிடிமானம்.

இரண்டு காலத்துத் தாள்கள் கிடைத்தால் இரண்டையும் விரித்துப் பாருங்கள். 1948 ஜூன் 16இல் எங்கள் ஊர்ப் பக்கம் எல்பில் தோட்டத்திலும் அதன் அருகிலும் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டதும், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களை ஒடுக்க அவசரகாலம் வந்தது. அவர்களுக்கு மக்களிடமிருந்து உதவி போகாமல் தடுக்க 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்போது தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களையும் ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். முந்தைய தாளில் ஓடைக்கு அப்பால் பரவிக் கிடந்த, லயங்களைக் குறிக்கும் கருப்புக் கட்டங்கள், பிந்தைய தாளில் ஆலைக்குப் பின்னால் நெருக்கியடித்து நிற்கின்றன. எங்கள் வீட்டில் தாத்தா சொன்ன லயம் ஓரிடம், அப்பா சொன்ன லயம் வேறிடம். யார் சொல்வது சரி என்று தீபாவளிதோறும் வாக்குவாதம் நடக்கும். இரண்டும் சரிதான் என்று இந்தத் தாள்கள்தான் தீர்ப்புச் சொல்லின.

கித்தா (ரப்பர்) மரங்களை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட பிறகு, மேலிருந்து பார்த்தால் எங்கும் நட்சத்திரம் நட்சத்திரமாக மட்டைகள். ஆனால் செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுகளில் வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். நிலம் வெறுமையாகக் கிடக்கும் அந்த இடைவெளியில் எடுத்த படம் ஒன்று அகப்பட்டால் அதுதான் புதையல். எனக்கு அகப்பட்டது. செம்மண்ணின் நடுவே வெளிறிய கோடு ஒன்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து கோயிலை நோக்கி நேராகப் போகிறது. அதன் இடப்பக்கம் வெட்டாமல் விட்ட மாமரங்களின் வட்டமான தலைகள், ஏறத்தாழ சம இடைவெளியில். லயத்து வாசல்களில் வைத்த மரங்கள் அவை.

மென்பொருளின் வேலை அத்தோடு முடிகிறது. மேட்டு லயம், கிராணி (தோட்டக் கணக்கர்) வீட்டுச் சந்து, ஆயாக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்) ரோடு என்ற பெயர்களில் ஒன்றுகூட என் தாள்களில் இல்லை. ரப்பர் பால் வெட்டியவர்களின் நாவில்தான் இருந்தன. அதனால் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கணினி முன்னால் உட்கார வைத்தேன். முதலில் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. "டீச்சர், கோயிலை எனக்கு எதிரே வையுங்கள்" என்றார். திசைகாட்டி வளையத்தைச் சுழற்றித் தெற்கை மேலே கொண்டுவந்தேன். அதன் பிறகு அவர் விரல் நிற்கவே இல்லை. "இது குழாயடி. இங்கேதான் வாளி வரிசை. அடுத்த கதவு நாங்கள்." அவருடைய கல்யாணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால், ரப்பர் தகடுகளை உலர்த்தும் புகைக்கூட்டின் கூரை தெரிகிறது, அவர் காட்டிய வாசலில் நின்று பார்த்தால் அது அந்தத் திசையில்தான் இருந்திருக்க முடியும். ஒவ்வோர் இடத்திலும் திரையில் குறிமுள் குத்தித் தமிழிலேயே பெயர் எழுதினேன். எழுத்துகள் உடையாமல் வருகின்றன.

குறைகளும் உண்டு. 1984 முதல் படம் இருக்கிறது என்று நம்பிப் பின்னோக்கிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். அந்தக் காலத்து லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் ஒரு புள்ளிக்கு 30 மீட்டர். லயம் முழுவதும் ஒரு கறையாகத்தான் தெரியும். தெளிவான படம் எடுத்த ஆண்டிலும் பாதி நிலத்தை மேகம் மூடியிருக்கும். முகப்பு தமிழில் இல்லாததால் முதியவர்கள் தனியாகப் பயன்படுத்த முடியாது.

என் மதிப்பீட்டில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். பெரிய திரையில் பாருங்கள், கைப்பேசி வேண்டாம். குறித்த இடங்கள் உங்கள் கணினியில் மட்டும் இருந்தால் அது பழுதாகும்போது போய்விடும். ஆகவே கேஎம்இசட் (KMZ, குறித்த இடங்களைச் சேமிக்கும் கோப்பு வகை) கோப்பாகச் சேமித்துக் குடும்பத்தில் இருவருக்காவது அனுப்பிவையுங்கள். வீட்டில் எண்பதைத் தாண்டியவர்கள் இருந்தால் வரைபடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கோயில் ஒன்றைக் கண்டுபிடித்து, இந்த வாரமே அவர்களைத் திரை முன்னால் உட்கார வையுங்கள்.