பல்கேரிய ஓவியர்களின் வாசகங்களை ஆங்கிலமாக்க மொழிபெயர்ப்புச் செயலி: சில ஆண்டு அனுபவம்

பல்கேரிய ஓவியர்களைப் பற்றிய நினைவுக்குறிப்புகளையும் கண்காட்சிக் கையேடுகளையும் ஆங்கிலமாக்க ஓர் இலவசச் செயலியைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். அகராதி துணையோடு எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் எனக்கு அந்த மொழி தெரியும்.

வாழ்க்கைக் குறிப்புகளுக்குத் தாராளமாக நம்பலாம். ஸ்லாத்யு போயாஜியேவ் (1903–1976) 1951-ல் பக்கவாதம் வந்து வலக்கை செயலிழந்தபின் இடக்கையால் தீட்டப் பழகிய கதையெல்லாம் பிசகாமல் வந்துவிடுகிறது. கேமராவைக் காட்டிப் படிக்கும்போது மட்டும் சாய்வெழுத்தில் கவனம் வேண்டும். பல்கேரிய மொழி எழுதப்படும் சிரிலிக் எழுத்தில் 'த' சாய்ந்தால் ஆங்கில 'எம்' மாதிரி ஆகிவிடும். கையேடுகளில் மேற்கோளைத்தான் சாய்வில் போட்டுத் தொலைக்கிறார்கள்!

வாசகம் என்று வந்தால் கதை வேறு. ஓவியர் சொன்னதைத் தன் காதால் கேட்டவர் 'காஸ்வாஷெ' என்று எழுதுவார். பிறர் சொல்லித் தெரிந்துகொண்டவர் 'காஸ்வல்' என்பார். நாம் 'சொல்வார்', 'சொல்வாராம்' என்கிறோமே, அதேதான். செயலி இரண்டையும் 'யூஸ்ட் டு சே' ஆக்கிவிடுகிறது. வாசகம் ஓவியருடையதா, பின்னாளில் அவர் தலையில் கட்டியதா என்று பார்க்க இருக்கும் முதல் தடயமே அதோடு போச்சு. 'காஸ்வல் எ' என்று ஒற்றை எழுத்து சேர்ந்து வந்தாலோ பெரும்பாலும் 'சொல்லியிருக்கிறார்' என்றுதான் பொருள். தமிழ் தெரிந்தவருக்கு இது சட்டென்று பிடிபடும். ஆங்கிலம் வழியாக மட்டும் போனால் கண்ணில் படாது.

அதனால் முதல் வரைவை மட்டும் செயலியிடம் விடுகிறேன். அப்புறம் வினைச்சொற்களை ஆங்கில விக்சனரி என்ற இணைய அகராதியின் பல்கேரிய வினை அட்டவணையோடு ஒப்பிடுகிறேன். 'காஸ்வல்' வரும் இடத்தில் 'ரிப்போர்ட்டட்லி' என்று போட்டால் செய்தித்தாள் வாடை அடிக்கிறது, ஓவியரைச் சந்தேகப்படுவது போலவும் இருக்கிறது. வாசகத்தை அப்படியே விட்டு, அதை நினைவுகூர்ந்தவர் யார், நேரில் கேட்டவரா என்று கீழே ஒரு வரி சேர்ப்பதே மேல்.

பட்டப்பெயர் இன்னொரு தொல்லை. விளாதிமிர் திமித்ரோவை (1882–1960) 'மாய்ஸ்தொரா' என்பார்கள். கியூஸ்தெந்தில் நகரக் கலைக்கூடம் அவர் பெயரில் இருக்கிறது. செயலி ஓரிடத்தில் 'த மாஸ்டர்' என்கிறது, அடுத்த பத்தியில் பட்டப்பெயரை அப்படியே விடுகிறது. படிப்பவர் இரண்டு பேர் என்று நினைத்துக்கொள்வார். இப்போதெல்லாம் செயலியில் ஒட்டும் முன்பே எல்லா இடத்திலும் திமித்ரோவ் என்று மாற்றிவிடுகிறேன்.