ஆர்கைவ் தளம்: இணையவழியில் பாடம் நடத்தும் ஒருவரின் மதிப்புரை

பல்கலைக்கழக நூலகச் சந்தா இல்லாமல் ஆராய்ச்சிக் கட்டுரை படிக்க விரும்புகிறவர்களுக்கு, ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளை இலவசமாகப் போட்டுவைக்கும் ஆர்கைவ் (arXiv) தளத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கீழே குறைகளும் வரப்போவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இணையவழியில் இயற்பியலும் தொடக்கநிலை வானியலும் நடத்துகிறேன். என் மாணவர்களில் பலர் வளாகத்துக்குள் காலடி எடுத்து வைத்ததே இல்லை. "இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வாருங்கள்" என்று அவர்களுக்கு ஓர் இணைப்பை அனுப்பினால் அது திறக்க வேண்டும். கடவுச்சொல் கேட்கக்கூடாது, கார்டு எண் கேட்கக்கூடாது. ஆர்கைவ் இணைப்பு யாருக்கும் திறக்கும்.

பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் 1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் இதைத் தொடங்கினார். உலகளாவிய வலை பரவாத காலம் என்பதால் ஆரம்பத்தில் எல்லாம் மின்னஞ்சல் வழியாகத்தான். 2001-இல் அவரோடு சேர்ந்து தளமும் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. 2022 தொடக்கத்தில் 20 லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. இயற்பியல், கணிதம், கணினி அறிவியல், புள்ளியியல், பொருளாதாரம் என்று துறைகள் பல. வானியலுக்கு மட்டும் 6 உட்பிரிவுகள் இருக்கின்றன: விண்மீன் மண்டலங்கள் ஒன்றில், கோள்கள் ஒன்றில், சூரியனும் விண்மீன்களும் ஒன்றில், கருந்துளை போன்ற உயர் ஆற்றல் சமாச்சாரங்கள் ஒன்றில், அண்டவியல் ஒன்றில், தொலைநோக்கி போன்ற கருவிகள் ஒன்றில். 2009-இல் இப்படிப் பிரித்தது பெரிய உதவி. கோள்களில் மட்டும் ஆர்வம் உள்ளவர் அந்தப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

புதிய கட்டுரைகளின் பட்டியல் ஞாயிறு முதல் வியாழன் வரை, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 8 மணிக்கு வரும். பிற்பகல் 2 மணி வரை வந்தவை அன்றைய கணக்கு. அதற்குப் பிறகு வந்தால் அடுத்த பட்டியல். வந்து சேர்ந்த வரிசையில்தான் அடுக்குகிறார்கள். அதனால் 2 மணி அடித்த கையோடு கட்டுரையை ஏற்றிவிட்டு, அடுத்த பட்டியலின் உச்சியில் இடம் பிடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. வானியல் பட்டியலில் மேலே வந்த கட்டுரைகள் அதிகமாக மேற்கோள் காட்டப்படுகின்றன என்று ஆய்வு செய்தே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே நான் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறேன். மாணவர்களுக்கும் அதையே சொல்கிறேன். நல்ல கட்டுரை எங்கே வேண்டுமானாலும் இருக்கும்.

இங்கே வருபவற்றில் பெரும்பாலானவை ப்ரீபிரிண்ட், அதாவது ஆய்விதழில் அச்சாவதற்கு முந்தைய வடிவம். நெறியாளர்கள் மேலோட்டமாகப் பார்ப்பார்கள்: துறை சரிதானா, ஆராய்ச்சிக் கட்டுரை மாதிரி இருக்கிறதா என்ற அளவில். முடிவு சரியா தவறா என்று ஆர்கைவ் யாருக்கும் சான்று தருவதில்லை. "ஆர்கைவில் வந்திருக்கிறது" என்று செய்தியில் படித்தால், ஒரு ஆய்வுக்குழு தன் வேலையை எல்லோர் முன்னாலும் வைத்திருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக ஒதுக்கிவிடவும் வேண்டாம். நெடுநாள் விடை கிடைக்காமல் இருந்த புவான்கரே அனுமானம் என்ற கணிதப் புதிருக்குக் கிரிகோரி பெரல்மான் தந்த நிரூபணம் 2002, 2003-இல் மூன்று கட்டுரைகளாக இங்கேதான் வந்தது. எந்த ஆய்விதழுக்கும் அவர் அதை அனுப்பவே இல்லை. மற்ற கணிதவியலாளர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்த்தார்கள்.

எனக்கு இந்தத் தளத்தில் மிகவும் பிடித்த விஷயம் பதிப்பு வரலாறு. 1109.4897 என்ற எண்ணுள்ள கட்டுரையைத் திறந்து பாருங்கள். நியூட்ரினோ என்ற நுண்துகள்களின் வேகத்தை ஓபரா ஆய்வுக்குழு அளந்த கட்டுரை அது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகம் வரை அவை கடந்த தூரம் சுமார் 730 கிலோமீட்டர். 2011 செப்டம்பரில் வந்த முதல் பதிப்பில், ஒளி வந்து சேர வேண்டிய நேரத்தைவிட நியூட்ரினோக்கள் ஏறத்தாழ 60 நானோ நொடி முந்தி வந்ததாக எழுதியிருப்பார்கள். நவம்பரில் வந்த இரண்டாம் பதிப்பும் அதையே இன்னொரு சோதனையோடு சேர்த்துச் சொல்லும். அப்புறம் 2012 ஜூலையில் வந்த நான்காம் பதிப்பைப் பாருங்கள். சரியாகப் பொருத்தப்படாத ஒரு ஒளியிழைக் கேபிள் நேரக் கணக்கைப் பாதித்தது தெரிந்து, அதைச் சரிசெய்த பிறகு நியூட்ரினோவின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போகிறது என்று இருக்கும். எண்ணும் ஒன்றுதான், பக்கமும் ஒன்றுதான், ஆனால் முடிவு தலைகீழ். பழைய பதிப்பை யாரும் அழிக்கவில்லை. சொடுக்கினால் இன்றைக்கும் படிக்கலாம்.

இதை நான் ஒரு முழு வகுப்பாகவே நடத்துகிறேன். முதல் பதிப்பைக் கொடுத்து, "இந்த அளவீட்டில் எங்கெல்லாம் பிழை நுழைய வாய்ப்பிருக்கிறது?" என்று கேட்பேன். ஜிபிஎஸ் கடிகாரம், நிலத்தடி தூரம், மின்னணுத் தாமதம் என்று மாணவர்கள் பட்டியல் போடுவார்கள். அந்த ஆய்வாளர்களே அவற்றை எவ்வளவு அக்கறையோடு எண்ணிப் பார்த்திருந்தார்கள் என்பது கட்டுரையைப் படித்தால் தெரியும். இவ்வளவு கவனத்துக்கு நடுவிலும் ஒரு பிழை தப்பியிருக்கிறது, அதே ஆய்வாளர்கள் அதைத் தேடிப் பிடித்து அதே இடத்தில் திருத்தி வைத்திருக்கிறார்கள். அறிவியல் எப்படி நடக்கிறது என்பதை இவ்வளவு நேரடியாகக் காட்டும் பாடம் வேறு எதுவும் என் கைவசம் இல்லை. 2014 மார்ச்சில் பைசெப்2 குழு தென்துருவத்திலிருந்து அறிவித்த, பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் எழுந்த ஈர்ப்பலைகளின் தடயத்தையும் இப்படிப் பின்தொடரலாம். நமது பால்வெளியின் தூசியே அந்தத் தடயத்தைத் தரக்கூடும் என்று வேறொரு குழு மே மாதம் எழுதியதும், 2015 தொடக்கத்தில் பிளாங்க் விண்கலக் குழுவும் பைசெப் குழுவும் சேர்ந்து செய்த கணக்கும் இங்கேயே கிடைக்கின்றன.

இதோடு ஒரு நடைமுறைக் குறிப்பு. இணைப்பில் பதிப்பு எண் இல்லாவிட்டால் எப்போதும் கடைசிப் பதிப்புதான் திறக்கும். ஒப்படைப்பு எழுதும் மாணவர்கள் தாங்கள் படித்தது வி1-ஆ (முதல் பதிப்பு) வி3-ஆ (மூன்றாம் பதிப்பு) என்று சேர்த்தே எழுத வேண்டும். பக்கத்தில் உள்ள குறிப்புப் பகுதியையும் பார்க்க வேண்டும். ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டிருந்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் அங்கேதான் அதைச் சொல்லியிருப்பார்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வசதி, பிடிஎஃப் மட்டுமல்லாமல், கட்டுரையைத் தட்டச்சு செய்யப் பயன்பட்ட லேட்டெக் என்ற மென்பொருளின் மூலக்கோப்பையும் பெரும்பாலும் பதிவிறக்கலாம். சமன்பாடுகளை அப்படியே எடுத்து வைத்து வரிக்கு வரி விளக்கலாம். வரைபடங்கள் தனிக் கோப்புகளாகக் கிடைக்கும். ஆனால் ஆசிரியர்கள் இங்கே நின்று உரிமத்தைப் படிக்க வேண்டும். படிப்பது இலவசம் என்பதால் எடுத்துப் பயன்படுத்துவதும் இலவசம் என்று ஆகிவிடாது. நிறையக் கட்டுரைகளில் ஆர்கைவுக்கு வெளியிடும் உரிமை மட்டும்தான் தரப்பட்டிருக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருந்தால் அதன் நிபந்தனைப்படி படத்தைப் பாடக் காணொளியில் சேர்க்கலாம். இல்லாவிட்டால் இணைப்பைக் கொடுத்துவிட்டு, படத்துக்கு அனுமதி கேளுங்கள்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். தேடல் வசதி சுமார்தான். தலைப்பு, ஆசிரியர், சுருக்கம் போன்றவற்றில் தேடும். கட்டுரையின் உள்ளே தேடாது. வானியலுக்கு நான் நாசாவின் ஏடிஎஸ் என்ற கட்டுரைத் தேடல் தளத்தில் தேடிவிட்டு அங்கிருந்து ஆர்கைவுக்கு வருகிறேன். ஒரு கட்டுரையை யார் யாரெல்லாம் மேற்கோள் காட்டினார்கள், அது யாரை மேற்கோள் காட்டியது என்ற சங்கிலியும் அங்கே தெளிவாகக் கிடைக்கிறது.

அடுத்தது எழுத வருபவர்களுக்கான தடை. புதியவர் ஒரு துறையில் கட்டுரை ஏற்ற வேண்டுமென்றால், அந்தத் துறையில் ஏற்கெனவே எழுதியிருக்கும் ஒருவரின் பரிந்துரை வேண்டும். குப்பையைத் தடுக்க ஏதோ ஒன்று தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் பெரிய ஆய்வுக்கூடத்தில் இருப்பவருக்குப் பக்கத்து அறைக் கதவைத் தட்டினால் முடிகிற வேலை, தனியாக உட்கார்ந்து எழுதுபவருக்கு மலையாக நிற்கிறது. எந்திரம் எழுதிய கட்டுரைகள் குவிவதால் 2025 இறுதியில் கணினி அறிவியல் பிரிவில் இன்னும் கெடுபிடி வந்தது. துறைத் தொகுப்புக் கட்டுரைகளையும் கருத்துக் கட்டுரைகளையும் இப்போது சகமதிப்பாய்வு, அதாவது துறை வல்லுநர்களின் சரிபார்ப்பு, முடிந்த பிறகுதான் ஏற்றுக்கொள்கிறார்கள். வருத்தம்தான், ஆனால் எனக்கு நியாயமாகவே படுகிறது.

என்னை உண்மையில் வாட்டும் குறை வேறு. வானியல் ஆராய்ச்சியில் இன்று எழுதப்படுபவற்றில் மிகப் பெரும் பகுதி இங்கே கிடைத்துவிடும். என் அன்றாடத் தொழிலான இணையவழிக் கற்பித்தல் பற்றிய ஆராய்ச்சிக்கு அந்த நிலைமை இல்லை. இயற்பியல் கல்வி என்று ஒரு பிரிவு, கணினியும் சமூகமும் என்று ஒரு பிரிவு. இரண்டிலும் கொஞ்சம் தேறும். 2020-இல் வகுப்புகள் ஒரேயடியாக இணையத்துக்கு மாறியபோது, ஆய்வகப் பாடத்தை வீட்டிலிருந்தே நடத்துவது பற்றி நல்ல கட்டுரைகள் இயற்பியல் கல்விப் பிரிவில் வந்தன. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் செயலி பற்றிய கட்டுரையும் அங்கே இருக்கிறது. கைப்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானி, ஒலிவாங்கி, காந்தமானி ஆகியவற்றை அளவுக் கருவியாக்கும் செயலி அது. இப்போது என் மாணவர்கள் கைப்பேசியைக் கயிற்றில் கட்டி ஊசலாட விட்டு, அலைவு நேரத்திலிருந்து ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டு அனுப்புகிறார்கள். ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை தடையில்லாமல் கைக்கு வந்தால் வகுப்பறையில் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே போதும்.

ஆனால் பாதியில் படிப்பை நிறுத்துபவர்கள் ஏன் நிறுத்துகிறார்கள், பதிவு செய்த விரிவுரைக்கும் நேரலைக்கும் என்ன வித்தியாசம், கலந்துரையாடலில் பேசாத மாணவர் என்ன கற்கிறார் என்று தேடிப் போனால் பாதி நேரம் கட்டணச் சுவரில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. கற்றலைத் திறந்துவிடுவது பற்றிய கட்டுரையே பூட்டிக் கிடப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கனடாவின் அதாபாஸ்கா பல்கலைக்கழகம் வெளியிடும் தொலைநிலைக் கல்வி ஆய்விதழ் 2000-இலிருந்து இலவசமாக வருகிறது, அதை நம்பிப் போகலாம். வானியலாளர்களைப் போல, எழுதியதும் பொதுவில் வைக்கும் பழக்கம் கல்வி ஆய்வாளர்களுக்கும் வர வேண்டும்.

சமீபத்திய மாற்றங்களில் எனக்கு நிறைவு தந்தது ஒன்று. 2023 டிசம்பரிலிருந்து, லேட்டெக்கில் அனுப்பப்படும் புதிய கட்டுரைகளுக்குப் பிடிஎஃப்போடு சேர்த்து எச்டிஎம்எல், அதாவது சாதாரண வலைப்பக்க வடிவமும் வருகிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் பிடிஎஃப்பில் ஒரு சமன்பாட்டைக் கண்டால் பொருளில்லாத எழுத்துகளை உளறும். எச்டிஎம்எல்லில் அதே சமன்பாடு ஒழுங்காகக் காதில் விழும். கைப்பேசியில் படிப்பவர்களும் இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கத்தை இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டாம். சில கட்டுரைகளில் அட்டவணை சிதைந்து போகிறது, சில பழைய கட்டுரைகளுக்கு இந்த வடிவமே இல்லை. இருந்தாலும் சரியான திசையில் வைத்த அடி.

மருத்துவம் தேடுபவர்கள் பெரும்பாலும் மெட்ஆர்கைவுக்கும், உயிரியல் தேடுபவர்கள் பெரும்பாலும் பயோஆர்கைவுக்கும் போக வேண்டும். பெயர்தான் ஒத்திருக்கிறது, தளங்கள் வேறு. வரலாறு, இலக்கியம் ஆகியவற்றுக்கு இங்கே இடமில்லை.

புதிதாக வருபவர்கள் அன்றாடப் பட்டியலில் நேராகக் குதித்தால் மூச்சு முட்டும். ஒரு துறையின் மொத்த நிலவரத்தையும் தொகுத்துச் சொல்லும் கட்டுரைகளில் தொடங்குங்கள். வானியலுக்கு 'ஆனுவல் ரிவ்யூ' இதழில் வருபவை அப்படிப்பட்டவை; எழுதியவர்கள் பலர் அவற்றை ஆர்கைவிலும் போட்டுவைக்கிறார்கள். குறிப்புப் பகுதியில் அந்த இதழின் பெயரைத் தேடினால் கிடைக்கும். முன்னுரையையும் கடைசியில் வரும் 'இன்னும் விடை தெரியாத கேள்விகள்' போன்ற பகுதியையும் முதலில் படியுங்கள். நடுவில் உள்ள சமன்பாடுகளுக்கு அப்புறம் வரலாம்.