தமிழ் ஸ்லைடு: பவர்பாயின்டா, கூகுளா, பி.டி.எஃப்பா?

சென்னையில் கல்லூரிகளிலும் நூலக அரங்குகளிலும் பேசப் போனால் பெரும்பாலும் வேறொருவர் கம்ப்யூட்டரில்தான் ஸ்லைடு ஓடும். "பென்டிரைவைக் கொடுங்க சார், நான் போட்டு விடறேன்" என்று ஒரு தம்பி வந்து நிற்பார். அதனால் எதில் வசதி அதிகம் என்று நான் முதலில் பார்ப்பதில்லை. அந்த மெஷினில் என் தமிழ் தமிழாகவே வருமா என்றுதான் பார்க்கிறேன்.

பவர்பாயின்டில் இல்லாத வசதி இல்லை. ஆனால் சாதாரணமாகச் சேமித்தால் கோப்போடு எழுத்துருவின் பெயர் மட்டும்தான் போகும், எழுத்துரு போகாது. அங்கே அது இல்லையென்றால் வேறொன்று வந்து உட்கார்ந்து வரிகளை உடைத்துவிடும். பாமினியில் தட்டியிருந்தால் இன்னும் மோசம். அது எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அல்ல; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பற்றி ஒரு கல்லூரியில் பேசப் போனேன். முதல் ஸ்லைடே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றது. முன்வரிசைப் பிள்ளைகள் அதைப் படிக்க முயன்றது இன்னும் மனசை உறுத்துகிறது. யூனிகோடில் தட்டி, விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா எழுத்துருவைப் போட்டிருந்தால் அது நடந்திருக்காது. சேமிப்பு அமைப்பில் எழுத்துருவைக் கோப்போடு சேர்க்கும் வசதியும் இருக்கிறது, பலர் தொடுவதே இல்லை.

நாலு பேர் சேர்ந்து தயாரிப்பதென்றால் கூகுள் ஸ்லைட்ஸ்தான். மீரா இனிமை போன்ற நல்ல தமிழ் எழுத்துருக்கள் அதிலேயே கிடைக்கும். ஆனால் நெட் வேண்டும். ஆஃப்லைன் வசதி, முன்கூட்டியே அமைத்து வைத்த உங்கள் மெஷினில்தான் உதவும். செல்போன் சிக்னலே எட்டாத அரங்கில் அவர்களுடைய மெஷினில் உதவாது.

பி.டி.எஃப்பில் அசைவு வராது, வீடியோவையும் நம்ப முடியாது. ஆனால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே உட்கார்ந்துவிடும், வரி நகராது. என் ஓட்டு இதற்குத்தான். அசைவு இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். சதுப்பு நிலத்தின் பழைய வரைபடத்தை ஒரு பக்கத்திலும், இன்றைய வரைபடத்தை அடுத்த பக்கத்தில் அதே இடத்திலும் அதே அளவிலும் வைக்கிறேன். பட்டனைத் தட்டியதும் நிலம் சுருங்குவது கண்ணெதிரே தெரிகிறது. எந்த அனிமேஷனும் இவ்வளவு நன்றாகக் காட்டியதில்லை.

சொந்த லேப்டாப்பைச் செருக விடுகிறார்கள் என்றால் சரி, பவர்பாயின்டே மேல். குறிப்புகள் உங்களுக்கு மட்டும் தெரியும். யாராவது கேள்வி கேட்டால் ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அடித்தால் நேரே அங்கே போய்விடலாம். 'பி' (B) விசையைத் தட்டினால் திரை கருப்பாகும், கூட்டத்தின் கண் பேசுகிறவர் பக்கம் திரும்பும். இந்த ஒன்று மட்டும் எனக்கு பி.டி.எஃப்பிலும் வேண்டியிருந்தது. அதனால் வரைபடங்களுக்கு அப்புறம் ஒரு கருப்புப் பக்கத்தைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.