மெக்வயர்ஸ் அல்டிமேட் காம்பவுண்ட்: கருப்பு காரின் சுழல் கீறல்களில் ஒரு சோதனை

எங்கள் கார் கருப்பு நிறம். வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நிழலில் நிற்கும்போது அதில் குறை எதுவும் தெரியாது. வெயிலுக்கு வந்ததும், பானெட்டில் விழும் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கோடுகள் வட்ட வட்டமாக மின்னும். உண்மையில் அந்தக் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன. ஒளி வரும் திசைக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் பளிச்சிடுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தோன்றுகின்றன. காலையில் தூசியைக் காய்ந்த துணியால் துடைப்பதும், வாட்டர் வாஷ் கடையில் சக்கரத்தைத் துடைத்த துணியே கதவுக்கும் வருவதும்தான் பெரும்பாலும் இவற்றுக்குக் காரணம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பட்டறையில் பணம் கொடுத்து ரப்பிங்கும் பாலிஷும் போட்டுக்கொண்டோம். வண்டியை எடுத்த அன்று முகம் பார்க்கலாம் போலிருந்தது. நான்காவது முறை கழுவியபோது பழைய கோடுகள் அத்தனையும் அதே இடங்களில் திரும்ப வந்து நின்றன. பாலிஷில் இருந்த எண்ணெயும் மெழுகும் கீறலின் பள்ளத்தை நிரப்பி மறைத்திருந்தனவே தவிர, கீறல் போகவே இல்லை. எனவே இந்த முறை கீறலைத் தேய்த்தே எடுக்கும் திரவமான மெக்வயர்ஸ் நிறுவனத்தின் அல்டிமேட் காம்பவுண்டை வாங்கியபோது, பளபளப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

1901-இல் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் தயாரிக்கத் தொடங்கிய அமெரிக்க நிறுவனம் இது. இப்போது 3எம் குழுமத்தின் கையில் இருக்கிறது. பாட்டில் 450 மில்லி. விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டும் என்பதால், பெட்ரோல் பங்கில் கிடைக்கும் சாதாரண பாலிஷோடு ஒப்பிட்டால் அதிகம்தான். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. காரின் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்னும் நிறமற்ற படலம் இருக்கிறது. அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் வரை, அதாவது ஒரு தலைமுடியின் தடிமனை விடக் குறைவு. கீறல் அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. காம்பவுண்டில் உள்ள நுண்துகள்கள் கீறலைச் சுற்றியுள்ள மேற்பரப்பை அதன் ஆழத்துக்கே தேய்த்து இறக்குவதால் கீறல் இல்லாமல் போகிறது. பழைய ரப்பிங் காம்பவுண்டுகளும் இதையேதான் செய்தன. அவற்றின் துகள்கள் முரடாக இருந்ததால் கீறல் போன இடத்தில் புகைபோன்ற மங்கல் மிஞ்சியது.

வண்டியைக் கழுவி, கையில் தட்டுப்பட்ட சொரசொரப்பைக் க்ளே பார் என்னும் களிமண் போன்ற மென்மையான கட்டி கொண்டு எடுத்த பிறகு, நிழலில் பானெட் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது வேலையைத் தொடங்கினேன். நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு பாதியைத் தொடாமல் விட்டேன். மறுபாதியில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் நான்கு சொட்டு மட்டும் வைத்து, மைக்ரோஃபைபர் பேடால் முதலில் நெடுக்கிலும் பிறகு குறுக்கிலும் அழுத்தித் தேய்த்தேன். பேடில் கருப்பு ஏறவில்லை. தேய்வது கிளியர் கோட்தான், நிறம் அல்ல என்பதற்கு அது அடையாளம். கிளியர் கோட் இல்லாத பழைய பெயிண்டாக இருந்தால் வண்டியின் நிறம் துணியில் இறங்கிவிடும்.

மூன்று சுற்று முடிந்ததும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்து அந்த இடத்தைத் துடைத்தேன். எண்ணெயோ மெழுகோ பள்ளத்தை நிரப்பியிருந்தால் இதில் கரைந்து, கீறல் உடனே வெளியே வந்துவிடும். டார்ச்சை அருகில் பிடித்துப் பார்த்தபோது, டேப்புக்கு இந்தப் பக்கம் சிலந்தி வலை அப்படியே இருக்க, அந்தப் பக்கம் பல்பின் பிம்பம் விளிம்பு கலையாமல் ஒரே புள்ளியாக நின்றது. அங்கங்கே ஏழெட்டு ஆழமான கோடுகள் மட்டும் தனித்தனியாகத் தெரிந்தன. கையால் தேய்த்த வேலைக்கு இது நான் எதிர்பார்த்ததைவிட மேல். மங்கலும் இல்லை.

ஆனால் கை வலி உண்மை. ஒரு பானெட்டுக்கே அரை நாள் போய்விட்டது. மீதி வண்டிக்கு நண்பரிடம் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் வாங்கி, ஃபோம் பேடில் இதே காம்பவுண்டைப் போட்டேன். கையால் தேய்த்தபோது அசையாத கோடுகளில் பலவும் போய்விட்டன. பட்டறைகளில் இருக்கும் ரோட்டரி இயந்திரம் ஒரே அச்சில் சுற்றுவதால், பழகாத கையில் சூட்டைக் கிளப்பிப் பெயிண்டைச் சுட்டுவிடும். டூயல் ஆக்‌ஷன் சுற்றிக்கொண்டே அலைவதால் அந்த ஆபத்து மிகக் குறைவு. அப்படியிருந்தும் கதவு விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் டேப் ஒட்டியே ஓட்டினேன். அங்கே படலம் மெலிந்திருக்கும். கருப்பு ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் காம்பவுண்ட் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகப் படிந்துவிடும் என்பதால் அவற்றையும் மறைப்பது அவசியம்.

நகம் மாட்டும் கீறலை இது எடுக்காது. எடுக்க முயலவும் கூடாது. பின்கதவில் ஒரு சைக்கிள் பிடி உரசிய கோடு இருக்கிறது. கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே இழுத்தால் டக்கென்று நிற்கிறது. அந்த ஆழத்துக்குச் சுற்றிலும் தேய்த்தால் கிளியர் கோட்டே மிஞ்சாது. மிஞ்சாத இடத்தில் வெயில் பட்டு நிறம் வெளுக்கத் தொடங்கும். அதற்கு டச்சப் பெயிண்ட்தான் வழி. அதேபோல, காம்பவுண்ட் எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை. தேய்த்த அன்றே மேலே வாக்ஸ் பூசினேன்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. சோப்புத் தண்ணீருக்கு ஒன்று, துணியை அலச ஒன்று என இரண்டு வாளி, தனித்தனித் துணி என்று வீட்டிலேயே கழுவுகிறோம். பதினைந்து முறைக்கு மேல் கழுவிய பிறகும், போன கோடுகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. பாட்டிலில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. கதவுக் கைப்பிடிக் குழியில் மோதிரமும் நகமும் போடும் சிறு கீறல்களுக்கு மட்டும் எடுத்துப் பயன்படுத்துகிறேன். முழு வண்டிக்கும் மறுபடி தேய்க்கும் எண்ணம் இன்னும் சில ஆண்டுகளுக்கு இல்லை.