கால்சியம் சரியாக இருக்கிறது என்று சொன்னார்கள்: எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்கள் கவனத்திற்கு

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை, வயது 51. 2022 ஜூன் மாதம் புதுச்சேரியில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் உடல் எடையைக் குறைப்பதற்கான பைபாஸ் அறுவை (இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தாண்டி இணைப்பது) செய்துகொண்டேன். என் புகார் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் அந்த மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. அறுவையைப் பற்றி எனக்குக் குறையேதும் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 114 கிலோவாக இருந்த நான் பதினான்கு மாதங்களில் 73 கிலோவுக்கு வந்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்த இன்சுலின் ஊசி நின்றது. பள்ளியின் மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறுகிறேன். கத்தி பிடித்த கை நல்ல கைதான். என்னை ஏமாற்றியது, கத்தியைக் கீழே வைத்த பிறகு நடந்த வியாபாரம்.

மொத்தப் பேக்கேஜ் 3,85,000 ரூபாய். அதில் ‘ஆயுட்கால ஊட்டச்சத்துக் கண்காணிப்பு’ அடங்கும் என்று பளபளப்பான மடிப்புத்தாளில் அச்சிட்டிருந்தார்கள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மூன்றாவது மாதத்துக்குப் பிறகு அறுவை செய்த மருத்துவரை நான் பார்க்கவே முடியவில்லை. மாதம் ஒருமுறை ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெண் தொலைபேசியில் பேசுவார். அதன்பின் 2,400 ரூபாய்க்கு அவர்களுடைய சொந்தப் பெயரில் ஒரு மாத்திரைப் பெட்டி கூரியரில் வரும். வெளிக்கடை மாத்திரை பைபாஸ் செய்த வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று எச்சரித்திருந்ததால், பதினாறு மாதம் அதையே வாங்கினேன். கணக்குப் போட்டால் 38,400 ரூபாய். கால்சியம், இரும்புச்சத்து, பலவகை வைட்டமின் என மூன்று மாத்திரைகளையும் காலை உணவுக்குப் பின் ஒன்றாகப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நானும் காபியோடு சேர்த்து விழுங்கிவந்தேன்.

இரண்டாவது மாதத்திலிருந்தே வாந்தி தொடங்கிவிட்டது. பள்ளியில் மதிய இடைவேளை நாற்பது நிமிடம். அதில் பாதி பிள்ளைகளை வரிசையில் உட்கார வைப்பதிலேயே போய்விடும். மீதியில் அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டால் தொண்டைக்குழியில் கல்லாக நிற்கும். பிறகு வெளியே வந்தால்தான் உயிர் வரும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி. வாயில் புளித்த வாடையோடு அடுத்த வகுப்புக்குள் நுழையக் கூச்சப்பட்டு, கைப்பையில் ஒரு பல் துலக்கியையும் சிறிய பற்பசையையும் வைத்துக்கொண்டு, வாந்தி எடுத்த கையோடு அழுத்தி அழுத்தித் துலக்கிவிட்டு வருவேன். நான் செய்ததிலேயே பெரிய தவறு அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது. ஒருங்கிணைப்பாளரிடம் நான்கு முறை சொன்னேன். “போகப் போகச் சரியாகிவிடும் அம்மா, எல்லாருக்கும் அப்படித்தான்” என்பதே பதில். கூடவே அவர்கள் தந்த உணவு அட்டவணையில், நாள் முழுவதும் எலுமிச்சைச் சாறு கலந்த நீரை மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று இருந்தது; அதையும் ஒரு நாள் தவறாமல் செய்தேன்.

2023 நவம்பரில், தீபாவளி கழிந்த வாரம், முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையைக் கடித்தபோது மேல் முன்பல் ஒன்றின் விளிம்பு சில்லாக உடைந்து நாக்கில் வந்தது. முறுக்கோ தட்டையோ கடித்து உடைந்திருந்தால் ஆறுதல் பட்டிருப்பேன். எலும்புக்கு நல்லது என்று விரும்பிச் செய்த அடை அது.

திருப்பாதிரிப்புலியூரில் நான் போன பல் மருத்துவர் இளம்பெண். உடைந்த பல்லைப் பார்க்கும் முன் சிறு கண்ணாடியை வாய்க்குள் வைத்து, மேல் முன்பற்களின் உட்புறத்தை எனக்குக் காட்டினார். வெள்ளை எனாமல் தேய்ந்து, அடியிலிருக்கும் மஞ்சள் நிறப் பகுதி வழவழவென்று தெரிந்தது. வெளிப்பக்கம் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. “வாந்தி வருமா அம்மா?” என்று அவர்தான் முதலில் கேட்டார். வயிற்று அமிலம் மேலே ஏறி வரும்போது முதலில் அரிப்பது அந்த உட்புறத்தைத்தானாம். வாயிலுள்ள அமிலநிலையைக் காட்டும் pH எண் (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும்; வயிற்று அமிலம் அதற்கும் வெகு கீழே, எலுமிச்சைச் சாறும் அப்படியே. அமிலம் பட்டு இளகியிருக்கும் எனாமலைத் துலக்கியால் தேய்ப்பது, ஈரச் சுண்ணாம்புச் சுவரைத் துடைப்பத்தால் கூட்டுவதைப் போன்றது என்றார். வாந்தி எடுத்தால் வெறும் நீரில், அல்லது ஒரு குவளை நீரில் சிறிது சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, துலக்குவதற்கு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். சிறிது சிறிதாகப் பல முறை சாப்பிடுவதும், சாப்பாட்டோடு நீர் குடிக்காததால் வாய் உலர்ந்து உமிழ்நீர் குறைவதும் பல்லுக்கு மேலும் கெடுதல். இவ்வளவையும் பதினாறு மாதத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நாள்பட்ட வாந்தி பல்லை மட்டும் தின்பதில்லை, பி1 வைட்டமினை வற்றச் செய்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

நான் போடும் மாத்திரைகளைக் கொண்டுவரச் சொன்னார். பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் ‘கால்சியம் சிட்ரேட் 1000’ என்று இருந்தது. அவர் அட்டையைப் பின்புறம் திருப்பி, கண்ணருகே பிடித்து, எறும்பு ஊர்வதைப் போன்ற எழுத்தில் இருந்த ஒரு வரியை விரல் வைத்துக் காட்டினார்: எலிமென்டல் கால்சியம் 210 மி.கி. முகப்பில் உள்ள ஆயிரம் அந்த உப்பின் எடை. உடம்புக்குக் கிடைக்கும் கால்சியம் அதில் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம். பைபாஸ் செய்தவருக்கு நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மி.கி. வரை கால்சியம் தேவை என்பது மருத்துவ வழிகாட்டுதல். டி3 வைட்டமின் 3000 அலகு. என் பெட்டியில் டி3 400 அலகுதான் இருந்தது. சிட்ரேட்டைத் தேர்ந்தெடுத்தது சரியே, அமிலம் குறைந்த வயிற்றிலும் அது கரையும் என்பதால் பைபாஸ்காரர்களுக்கு அதுதான் ஏற்றது. ஆனால் எந்த உப்பு என்று தெரிந்தவருக்கு எவ்வளவு வேண்டும் என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

அன்று மாலையே ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன். “உங்கள் இரத்தத்தில் கால்சியம் 9.2, நார்மல் அம்மா, பல்லுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை” என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் எடுத்த பரிசோதனையில் இரத்த அணுக்கள், சர்க்கரை, கால்சியம் ஆகிய மூன்றுதான் இருந்தன. நானும் அந்த ‘நார்மல்’ என்ற சொல்லைப் பார்த்து இரண்டு முறை நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். நாம் எல்லாரும் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். உணவிலிருந்து கால்சியம் மிகத் திறம்பட உறிஞ்சப்படும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியை பைபாஸ் அறுவையில் உணவு தொடாமலேயே தாண்டிப் போய்விடுகிறது. உள்ளே வரும் கால்சியம் குறைந்தால், கழுத்தில் தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்தில் விடும். இதயத்துக்கும் தசைக்கும் இரத்தக் கால்சியம் குறையவே கூடாதல்லவா, அதனால் வீட்டு உத்தரத்தைப் பிடுங்கி அடுப்பெரிப்பதைப் போல உடம்பு எலும்பைக் கரைத்து அந்த அளவைக் காப்பாற்றும். ஆகவே எலும்பு தேய்ந்துகொண்டிருக்கும்போதும் இரத்தக் கால்சியம் சரியாகவே காட்டும். பார்க்க வேண்டியவை 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் ஆகிய மூன்றும்.

டிசம்பரில் வேறொரு மருத்துவரிடம், நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம், அவற்றை எடுத்தேன். வைட்டமின் டி 11. முப்பதுக்கு மேல் இருக்க வேண்டும். பாராதைராய்டு ஹார்மோன் 142. அந்த ஆய்வகத்தின் மேல் வரம்பு 65. கால்சியம் மட்டும் 9.1, வெகு அழகாக. எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேனில் இடுப்பு எலும்பின் டி-ஸ்கோர் (T-score, இளவயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) −2.1 என்று வந்தது, −2.5ஐத் தொட்டால் எலும்புப்புரை என்பார்கள். எடை குறையும்போது எல்லாருக்குமே எலும்பு அடர்த்தி ஓரளவு குறையும், மாதவிடாய் நின்ற வயதும் எனக்குச் சேர்ந்துகொண்டது என்று அந்த மருத்துவர் நேர்மையாகச் சொன்னார். எனவே முழுப் பழியையும் அந்தப் பெட்டியின் மேல் போட மாட்டேன்; ஆனால் அறுவைக்கு முன்பு ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் எது எவ்வளவு என்று இன்று சொல்ல முடிந்திருக்கும்.

எலும்பை வலுப்படுத்தும் ஊசியைப் பற்றிக் கேட்டபோது, வைட்டமின் டி நிரம்பாமல் அதைப் போட்டால் இரத்தக் கால்சியம் சரிந்துவிடும் என்றும், பிடுங்க வேண்டிய பற்களை முதலிலேயே முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு என்றும் சொன்னார். பல்லுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்ற குரல் அப்போது காதில் கேட்டது. பல் வலிக்கு நானாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபினாக் மாத்திரையையும் உடனே நிறுத்தச் சொன்னார். அந்த வகை வலிநிவாரணிகள் பைபாஸ் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். பல் மருத்துவரிடம் போகும் பைபாஸ்காரர்கள் நாற்காலியில் சாயும் முன்பே அறுவையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

இப்போது 210 மி.கி. சிட்ரேட் மாத்திரையை மூன்று வேளை, வேளைக்கு இரண்டாகப் போடுகிறேன். ஒரே நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் கொடுத்தால் உடம்பு நன்றாக ஏற்பதில்லை. இரும்புச்சத்தைக் கால்சியத்திலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுகிறேன், காபியின் பக்கமே அதைக் கொண்டுபோவதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மி.கி.க்கு மேல் கால்சியம் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் என் வயிறு ஏற்பது அரை அடை. மாத்திரையின் அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் கேட்டுக்கொள்வது, பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துவிட்டு அவரிடம் போங்கள் என்பதே. பல்லுக்குப் பணம் இல்லாதவர்கள் புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியையும், சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள பல் மருத்துவக் கல்லூரியையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நான் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, இனிப் புகார் எதுவும் இல்லை என்று கையெழுத்திட்டால் ஆறு மாதப் பெட்டிகளை இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். மருத்துவமனை புதுச்சேரியில் இருந்தாலும் நான் கடலூர் ஆணையத்தில்தான் கொடுத்திருக்கிறேன். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வழி தெரியாதவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

மருத்துவப் பதிவேடுகளை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. எனக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. வந்த கட்டில் ஊட்டச்சத்துக் கண்காணிப்புக் குறிப்புகள் பதினாறு இருந்தன. பதினாறிலும் ஒரே வாசகம்: ‘நோயாளி நலம், அறிவுரை வழங்கப்பட்டது.’ நான் விடைத்தாள் திருத்தும் முகாமில் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருந்த நாளில்கூட அறிவுரை வழங்கியிருக்கிறார்கள். வாந்தி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.