பாட்டியா, பக்கத்து வீட்டு அக்காவா, தாஸ்காவா? தாதியர் படிப்புக்கு எது ஒத்துவரும்

தாதியர் டிப்ளோமா மூன்று ஆண்டு முழுநேரப் படிப்பு. வகுப்பறைப் பாடம் மட்டும் என்றால் எப்படியோ சமாளித்துவிடலாம். போஸ்டிங், அதாவது மருத்துவமனை வார்டில் ஷிப்ட் முறையில் பயிற்சி, தொடங்கியதும்தான் கைக்குழந்தைக்காரிக்குச் சோதனை. பினாங்கில் நான் படிக்கச் சேர்ந்தபோது மகனுக்கு மூன்று வயது, மகளுக்கு ஒன்றரை. பிள்ளைகளின் பாட்டியான என் அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, தாஸ்கா என்னும் குழந்தைப் பராமரிப்பு மையம் என்று மூன்று ஏற்பாட்டையும் செய்து பார்த்துவிட்டேன். எல்லாரும் முதலில் கேட்பது மாதம் எவ்வளவு என்று. நான் முதலில் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வேன்.

காலை ஷிப்ட் 7 மணிக்கு. முந்தைய ஷிப்டின் ரிப்போர்ட் கேட்க அதற்கு முன்பே வார்டில் நிற்க வேண்டும். என் வீடு இருக்கும் ஜெலுத்தோங்கிலிருந்து போவதற்கே 6.15க்குப் பிள்ளைகளை விட்டாக வேண்டும். பிற்பகல் ஷிப்ட் முடிய இரவு 9 ஆகும். எங்கள் வட்டாரத்துத் தாஸ்கா திறப்பது 7க்கு, மூடுவது 6.30க்கு. இரண்டுக்கும் உதவாது. தைப்பூசத்தன்று தாஸ்காவுக்கு விடுமுறை, வார்டுக்குக் கிடையாது.

அதற்காகத் தாஸ்காவை ஒதுக்கிவிடாதீர்கள். மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நலத்துறையில் பதிவு பெற்ற இடமென்றால் ஒரு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைக்கு ஒருவர், ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐந்து பேருக்கு ஒருவர் என்று கணக்கு உண்டு. வகுப்பு வாரங்களில் நான் நிம்மதியாக உட்கார்ந்து அனாட்டமி படித்தேன் என்றால் அது தாஸ்காவால்தான். ஆனால் காய்ச்சல் வந்தால் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள். கை, கால், வாய்ப்புண் நோய் என்றால் கொப்புளம் காயும்வரை வீடுதான். அது நியாயமும்கூட. விட்டுப்போன போஸ்டிங் மணிகளை மட்டும் நாம் பிறகு ஈடுகட்ட வேண்டும்.

அம்மா இருப்பது கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில். பணம் வாங்க மாட்டார், காய்ச்சலுக்கும் பயப்பட மாட்டார். "ஏன்டி அலையுற, புள்ளைங்கள இங்கேயே விட்டுட்டுப் போ" என்றார். தினமும் பாலம் கடந்து போய்வர முடியாது என்பதால் திங்கள் முதல் வெள்ளிவரை அங்கேயே விட்டேன். இரண்டாவது மாதம், சனிக்கிழமை தூக்கப் போனால் மகள் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த வாரமே கூட்டிவந்துவிட்டேன். முட்டிவலியோடு அம்மாவும் எத்தனை நாள்தான் இரண்டு பிள்ளைகள் பின்னால் ஓடுவார்?

பக்கத்து பிளாட் அக்காவிடம் விட்ட பிறகுதான் போஸ்டிங் ஓடியது. விடியற்காலை பிள்ளைகளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்ப் படுக்க வைக்கலாம். இரவு வந்தால் குளித்து, யூனிஃபார்மைத் தனியாக ஊறப்போட்டுவிட்டு, அதன் பிறகு போய்த் தூக்கிக்கொள்ளலாம். நான்கு பிள்ளைகள் ஆகிவிட்டால் வீட்டில் பார்ப்பவரும் பதிவு செய்ய வேண்டும். அக்கா என் இரண்டு பேரை மட்டுமே பார்த்தார். பதிவு இல்லாத இடத்தில் சட்டக் கணக்கெல்லாம் பேச முடியாது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், மருந்தை எங்கே வைக்கிறார், பால்கனிக்குக் கிரில் உண்டா என்று நாமே பார்க்க வேண்டும். குறையும் உண்டு. அக்காவுக்கு மாற்று ஆள் கிடையாது. தன் மகளின் பிரசவத்துக்காக இரண்டே நாள் அவகாசத்தில் அவர் கிளம்பியபோது எனக்கு மெடிக்கல் வார்டு போஸ்டிங் நடந்துகொண்டிருந்தது.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். விடியும் முன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் காட்டுக்குப் போவார். வசதி ஒன்றும் கிடையாது, ஆனாலும் வேலைக்குப் போகும் நேரத்துக்கு அது திறந்திருந்தது. வார்டு நேரத்துக்குத் திறக்கும் தாஸ்கா இன்று நமக்கு வேண்டும். மருத்துவமனையில் ஊழியர் தாஸ்கா இருந்தால் பயிற்சி மாணவிகளுக்கும் இடம் தருவார்களா என்று சேரும் அன்றே கேட்டுவிடுங்கள்.

அது இல்லையென்றால் என் தேர்வு இதுதான்: வகுப்பு வாரங்களுக்குத் தாஸ்கா, போஸ்டிங்குக்கு அக்கா, காய்ச்சல் நாளுக்கு அம்மா. தாஸ்கா இடத்தைத் தக்கவைக்க, பிள்ளைகள் போகாத மாதமும் பணம் கட்டினேன். வலித்தது, ஆனால் அக்கா ஊருக்குப் போனபோது அந்த இடம்தான் பகலுக்குக் கைகொடுத்தது. ரோஸ்டர் (ஷிப்ட் அட்டவணை) வந்த அன்றே படம் எடுத்து அக்காவுக்கும் அம்மாவுக்கும் அனுப்பிவிடுவேன். அம்மா அதைப் பெரிதாக அச்செடுத்துச் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார்.